தோன்றா எழுவாய்

மாத்தளை,
16.10.2003

அன்பு மகள் தவமணிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அந்தக் குவைத் வெயிலில் வாடாமல் இருக்கவேண்டும் என்று நினைத்தபடி அப்பா எழுதுகிறேன். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். தொலைபேசி கூடத்தில் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே உன் அம்மா நிற்கிறாள். அவள் காதுபடச் சொல்ல முடியாத ஒன்றைத்தான் எழுதப்போகிறேன்.

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. மிளகு நன்றாகப் பிடித்திருக்கிறது. சண்டை நின்றதிலிருந்து யாழ்ப்பாண பஸ் நம் வாசலைத் தாண்டித்தான் போகிறது. யாரையும் இறக்கிச் சோதிப்பதில்லை. ஊரில் எல்லோருக்கும் திடீரென்று கூட்டம் போட ஆசை வந்துவிட்டது.

மரண உதவிச் சங்கத்துக்கு அம்மாவைத் தலைவியாக்கியது உனக்குத் தெரியும். தலைவி என்றால் கூட்டத்தில் எழுந்து பேசவேண்டும் அல்லவா? அதற்காக வாசிகசாலை மண்டபத்தில் நடக்கும் மேடைப் பேச்சு வகுப்பில் சேர்ந்தாள். நடத்துபவர் கலந்தர் மாஸ்டர், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு உதாரணம் சொல்கிறேன். வீட்டில் நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது. வீட்டுக்காரி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக் குழாய்க்குப் போகிறாள். கிணறு என்ன நினைக்கும்? முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் படிப்பித்தவன் நான். என்னிடமே படிக்கக் கூடாதா என்று கேட்டே விட்டேன். “உங்ககிட்டப் படிச்சா பேச்சா வரும்? பரீட்சைதாங்க எழுதுவேன்” என்று சிரித்தாள்.

கலந்தரைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். நல்ல குரல். ஆனால் ழகரம் அவர் வாயில் நிற்காது, மழை மளையாகிவிடும். யாருடைய பிழையையும் அவர் திருத்துவதும் இல்லை. “பேசுங்க, பேசுங்க, அது தானா வரும்” என்பாராம். இது என்ன படிப்பிப்பு? நெல்லை விதைத்துவிட்டுக் களையே எடுக்காத வயல் மாதிரி. தலைக்குச் சாயம் வேறு பூசுகிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர்.

வகுப்பு முடிந்து வந்தால் “கலந்தர் மாஸ்டர் சொன்னாங்க” என்றுதான் அம்மா ஆரம்பிப்பாள். பின்வரிசையைப் பார்த்துப் பேசச் சொன்னாங்க, கையைக் கட்டிக்கொள்ளக் கூடாதாம், கடதாசி பார்க்கக் கூடாதாம். ஒருநாள் வகுப்புக்குப் பலகாரம் சுட்டாள். மாஸ்டருக்குச் சீனி வருத்தம் என்று அவருக்கு மட்டும் இனிப்பில்லாமல் தனியாக வைத்தாள். எனக்கும் சீனி வருத்தம் இருக்கிறது, மகள். எனக்கு ஒன்றும் தனியாக வரவில்லை.

உனக்குத் தெரியும், என் பெயர் அவள் வாயில் வந்ததே கிடையாது. எனக்கு நேரில் “என்னங்க”, பிறரிடம் “அவங்க”. கலந்தருக்கோ பெயரும் பட்டமும் சேர்த்து முழுசாக. இதில் என்ன இருக்கிறது என்று நீ கேட்கலாம். நானும் என்னையே அப்படித்தான் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் எதையாவது சபையாக நினைத்துப் பேசிப் பழகச் சொன்னாராம். பின்பக்கம் கொடியில் காயும் துணிகளைப் பார்த்து அம்மா பேசுவாள். “மதிப்புக்குரிய சபையோர்களே” என்று என் சட்டைகளுக்கு வணக்கம் சொல்வாள். நான் கதவடிக்கு வந்தால் நிறுத்திவிடுவாள். சட்டைகள் கேட்கலாம், சட்டைக்காரன் கேட்கக்கூடாது!

போன ஞாயிறு நிறைவு நாள். குடும்பத்தாரையும் அழைத்திருந்தார்கள். நான் வேட்டியை அயன் பண்ணிக் கட்டிக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். எல்லோருக்கும் ஒரே தலைப்பு: “என்னைப் பேச வைத்தவர்”. மகளிடம் மறைப்பானேன், தலைப்பைக் கேட்டதுமே நான் சால்வையைச் சரிசெய்துகொண்டேன்.

முதலில் வஹகோட்டையிலிருந்து வந்த ஒருவர். தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, ஒலிபெருக்கித் தம்பி அவர்களே என்று விளித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. “நான் பேச வந்த விஷயம்...” என்றபடியே இறங்கினார். சபை சிரித்து ஓய்ந்தபோது அம்மா ஏறினாள்.

கையில் கடதாசி இல்லை. பின்வரிசையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“எனக்குத் தேயிலைத் தோட்டத்துப் பேச்சுதாங்க வரும். இன்னைக்கு உங்க முன்னால நாலு வார்த்தை நேராப் பேசுறேன்னா அது அவங்களாலதான். நான் ஒரு சொல்லத் தப்பாச் சொன்னா விட மாட்டாங்க. திரும்பச் சொல்லுன்னு நிப்பாங்க. அப்பக் கோவம் கோவமா வரும். ஆனா நம்ம பேச்சையும் காது குடுத்துக் கேக்க ஒரு ஆள் இருக்குன்னு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசமும் வரும்.”

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். உடனே மண்டபம் முழுவதும் கலந்தர் பக்கம் திரும்பித் தட்டியது. அவர் எழுந்து, நெஞ்சில் கைவைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்தார். பக்கத்து வீட்டு றம்லா என்னிடம், “சுந்தரக்கா மாஸ்டரப் பத்தி எவ்வளவு அழகாச் சொல்றாங்க, சேர்!” என்றாள். அம்மா மேடையில் வாயைத் திறந்தாள், மூடினாள். அவர் இல்லை என்று சொல்வதானால் யார் என்று சொல்லவேண்டுமே. கைதட்டல் அடங்குமுன் மெதுவாக ஒன்று சொல்லி முடித்தாள்: “இத்தனை பேர் முன்னால பேசிட்டேன். அவங்க முன்னால பேசத்தான் இன்னும் வாய் வரல.”

எனக்கு அப்போது அது மனதில் ஏறவில்லை. நான் கலந்தர் குனிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையிடி என்று தேநீர் குடிக்காமல் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா றம்லாவோடு பின்னால் ஆட்டோவில் வந்தாள்.

அதன் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒருமுறை, சோறு போடும்போது, “அன்னைக்கு நான் பேசினது...” என்று தொடங்கினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? “அன்னைக்கு இல்லை, அன்றைக்கு” என்றேன். பழக்கம். அவள் கறிச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எட்டாம் வகுப்பில் உனக்கும் நான்தான் இலக்கணம் எடுத்தேன். “வந்தான்” என்று மட்டும் இருந்தால் எழுவாய் எங்கே? வெளியே தெரியாது, ஆனால் வாக்கியத்துக்குள் இருக்கிறது. தோன்றா எழுவாய். பயனிலையைக் கேட்டால் அது சொல்லிவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். அந்த வாத்தியார் நான்கு நாட்களாகத் தன் மனைவியின் வாக்கியத்தைப் பகுத்துக்கொண்டிருக்கிறார். “விட மாட்டாங்க.” கலந்தர் எல்லாவற்றையும் விட்டுவிடுபவர். “அவங்க முன்னால பேச வாய் வரல.” கலந்தர் முன்னால் வாரம் தவறாமல் பேசியவள் அவள். விடை தெரிகிறது. இருந்தும், விடைத்தாளைத் திருத்துகிறவனே பரீட்சை எழுதினால் அவன் போட்ட புள்ளியை யார் நம்புவது? ஊர் முழுவதும் அந்தக் கைதட்டல் கலந்தருடையது என்றே பேசிக்கொள்கிறது. நேற்றும் சந்தைத் தெருவில் அவரைக் கண்டேன். “மிஸிஸ் அசத்திட்டாங்களே சேர்!” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த மனிதரை வெறுக்கவும் முடியவில்லை.

மகளே, எனக்கு ஒரு உதவி செய். இந்தக் கடிதம் கிடைத்தபின் வரும் ஞாயிறு, அந்தப் பேச்சை உனக்குச் சொல்லிக்காட்டும்படி அம்மாவைக் கேள். நான் கூடத்தில்தான் பேப்பர் பார்த்துக்கொண்டு இருப்பேன். அவள் முடித்ததும், “யாரும்மா அந்த அவங்க?” என்று கேள். அவள் பதில் சொல்லாவிட்டாலும் வற்புறுத்தாதே. கேள்வி காதில் விழுந்ததும் அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று நான் பார்த்துக்கொள்கிறேன். எத்தனை பிழை வந்தாலும் அன்று நான் வாய் திறக்கமாட்டேன்.

சின்னவளுக்கு என் முத்தம். நீயும் மாப்பிள்ளையும் ஒருவரோடு ஒருவர் பேச்சுக் குறையாமல் நீண்டகாலம் நன்றாக இருங்கள்.

என்றும் உன் நலம் விரும்பும் அப்பா,
முத்துவீரன்