பை-டூ காபியும் நாடா இல்லாதவனும்

ஜூன் 2, திங்கள்
என் பெயர் கஸ்தூரிரங்கன், வயது ஐம்பது, சமூக உளவியல் பேராசிரியர். காரணமே இல்லாமல் பிரிக்கப்பட்டவர்களும் தம் அணியை உயர்வாகக் கருதுவார்களா என்பதை அறிவதே இக்குறிப்பின் நோக்கம்.

காலையில் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் நடக்கும் எங்கள் குழுவினரிடம் சம்மதம் பெற்று, சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்கு நீல நாடாவும் மற்றவர்களுக்கு மஞ்சள் நாடாவும் கட்டினேன். மனைவி பாமா மஞ்சள். நண்பர் டெஸ்மண்ட் நீலம். ஆய்வாளன் நாடா அணியலாகாது. இது விதி.

நடை முடிந்ததும் ஓட்டலில் பை-டூ: ஒரு காபி, இரண்டு தம்ளர், இரண்டு பேர். யார் யாரோடு பங்கிடுகிறார்கள் என்பதே என் அளவுகோல். டெஸ்மண்ட் என்றும் என்னோடுதான்.

ஜூன் 4
நீலம் நீலத்தோடு, மஞ்சள் மஞ்சளோடு. கருதுகோள் உறுதிப்படுகிறது. மகிழ்ச்சி.

ஜூன் 6
மஞ்சள் அணி எதிர்த்திசையில் நடக்கிறது. "நீலக்காரங்க நடக்கிறதெல்லாம் ஒரு நடையா? சாமி ஊர்வலம் தோத்துடும்" என்றாள் பாமா. வழக்கமாகக் கடைசியில் வருபவள் அவள்தான். குறித்துக்கொண்டேன், சொல்லவில்லை.

ஜூன் 9
டெஸ்மண்ட் இன்று நீல அணி ராஜேந்திரனோடு பை-டூ.

"தப்பா நினைக்காதீங்க சார். ப்ளூன்னா ப்ளூவோடதான். நீங்க எந்த டீமும் இல்லையே. கன்னடத்துல சொல்ற மாதிரி, சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

முழுக் காபியையும் தனியே குடித்தேன். தரவு என்ற அளவில் மிகச் சிறப்பு. ஆனால் ராஜேந்திரனா? அந்த ஆளுக்கு காபியும் பாயசமும் ஒண்ணு. அவ்வளவு சர்க்கரை.

ஜூன் 11
ஆய்வை முடித்தேன். "நாடாவுக்குப் பொருளே கிடையாது, வெறும் குலுக்கல்" என்று விளக்கி, நாடாக்களைத் திரும்பக் கேட்டேன். ஒருவரும் கழற்றவில்லை. நீலமும் மஞ்சளும் முதன்முறையாக ஒன்றாக நின்றன — எனக்கு எதிரே.

"வாத்தியார் நம்மள வெச்சு வெளாடியிருக்காரு" என்றார் ராஜேந்திரன்.

பாமா தலையாட்டினாள். பிறகு டெஸ்மண்டோடு பை-டூ குடித்தாள். என் மனைவி. என் டெஸ்மண்ட்.

வீட்டில் காபி கேட்டேன். "நாடா இருக்கிறவங்களுக்குத்தான் டிகாக்ஷன்" என்றாள். சிரித்தாளா? தெரியவில்லை.

ஜூன் 12
நீலம் அலட்டல். மஞ்சள் அவசரம். பச்சை நிறத்தவர்களே இயல்பில் நிதானமானவர்கள், நேர்மையானவர்கள். இதற்குச் சான்று இல்லை, தேவையும் இல்லை.

நாளை கடை திறந்ததும் பச்சை நாடா இரண்டு வாங்குவேன். ஒன்றை நான் கட்டிக்கொள்வேன். மற்றொன்றை, குலுக்கல் எதுவுமின்றி, டெஸ்மண்டின் கையில் கட்டுவேன்.