மாரியம்மன் மார்க்

மாப்பிள்ளை,

தங்கச்சி வீட்டைக் காலி செய்கிறாள். தானா ராத்தா மலைக் குளிர் அவள் முட்டிக்கு ஆகவில்லையாம், ஈப்போவில் மகனோடு போய் இருக்கப் போகிறாள். சாமான் கட்ட என்னைக் கூப்பிட்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒரு பெட்டியை இழுத்துத் திறந்தேன், தேயிலைத் தூள் வாசம் குப்பென்று மூக்கில் ஏறியது. உள்ளே உன் கவர்கள். தூள் அடைக்காமலே மிஞ்சிப்போன காகிதக் கவர்கள், கட்டுக் கட்டாக. ஒவ்வொன்றிலும் கையில் சூலத்தோடு ஆத்தா சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"இத என்னாண்ணே பண்றது?" என்று கேட்டாள் உன் மனைவி. "குப்பையில போட முடியுமா? அடுப்புல போட முடியுமா? மருமக வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா அது என்னா நெனைக்கும்?"

எனக்கு மட்டும் என்ன தெரியும்? நீ இருந்திருந்தால் உன்னைப் பிடித்து நாலு திட்டுத் திட்டியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், எஸ்டேட் ஃபேக்டரியில் சல்லடை வேலையை விட்டுவிட்டு வந்து என் வேனில் ஏறி உட்கார்ந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "தொர பேர்ல சலிச்சது போதும் மச்சான். இனிமே நம்ம பேர்ல ஒரு தூள் வரணும்" என்றாய். மலைக்குக் கீழே ஒரு சீனத் தவுக்கே முதலாளியிடம் மூட்டைத் தூள் வாங்கி, வீட்டில் சலித்து, பொட்டலம் கட்டி விற்பது என்று திட்டம். தங்கச்சியின் தாலியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போயின. உன் குடும்பமே அந்தத் தூளை நம்பித்தான் நின்றது.

கவருக்குப் படம் தேட ஈப்போ அச்சகத்துக்குப் போனோம். அச்சகக்காரர் சேவல், ரோஜா, ஆகாயக் கப்பல் என்று எடுத்துப் போட்டார். ஒன்றும் உனக்குப் பிடிக்கவில்லை. "சேவலப் பாத்தா எவனுக்கு மச்சான் தேத்தண்ணி ஞாபகம் வரும்? நம்ம சனம் காலையில யாரு மொகத்துல முழிக்கும்? ஆத்தா மொகத்துலதான?" என்றாய். அடேயப்பா, உன் மூளைக்கே ஒரு கோயில் கட்டலாம் என்று நானும் வாயைப் பிளந்தேன். அப்படித்தான் மாரியம்மன் மார்க் தேயிலைத் தூள் பிறந்தது.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. கம்போங் ராஜா வரைக்கும் ஒவ்வொரு எஸ்டேட் லயத்து வீட்டுக்கும் வேனை ஓட்டினேன். நீ பொட்டலத்தை நீட்டுவாய், பெண்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே எடுத்துப் போவார்கள். தூள் எப்படி என்று ஒருத்தரும் கேட்டதில்லை. "பாத்தியா, பாதி வேலைய ஆத்தா பாக்குறா" என்று சிரிப்பாய். அந்த வருஷம் உன் நடையே மாறிப்போனது. சட்டைப் பையில் இரண்டு பேனா வேறு.

தூள் தீர்ந்த பிறகு கவரை என்ன செய்வார்கள் என்று நாம் இருவருமே யோசிக்கவில்லை. ஆத்தா படத்தை யார் குப்பையில் போடுவார்கள்? சிலர் கத்தரித்துச் சாமி மேடையில் ஒட்டினார்கள். சிலர் மடித்து மடித்துக் கூரை இடுக்கில் செருகினார்கள். மிச்சப் பேர், காலி கவரை மரியாதையாக உன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். நீயும் வாங்கி வாங்கி வேனில் அடுக்கினாய், எனக்குக் கால் வைக்க இடமில்லை. தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய்கூட தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "தூளு நல்ல தூளுதான் தம்பி. ஆனா இந்தப் படத்த எங் கடையில எப்படிலா வைக்கிறது? நீ தகர டின்னுல கொட்டிக் குடு, வாங்கிக்கிறேன்."

அப்புறம் அந்த அடைமழை வந்தது. கூரையில் செருகியது, வேலியில் சொருகியது எல்லாம் அடித்துக்கொண்டு போய் லயத்துக்கு முன்னால் இருந்த சாக்கடையில் மிதந்தது. கோயில் தலைவர் கூட்டம் போட்டார். "ஆத்தாவ சாக்கடையில மெதக்க விட்டுட்டியேலா! நீயெல்லாம் வெளங்குவியா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். நீ எழுந்து முன்னால் வந்தாய். இனிமேல் ஆத்தா படத்தைப் போட்டு விற்பதில்லை என்று சூடம் கொளுத்தி, அதன் மேல் அடித்துச் சத்தியம் செய்தாய்.

மறுபடியும் ஈப்போ, மறுபடியும் அதே அச்சகம். இந்த முறை ரோஜாவை எடுத்துக்கொண்டாய். அதே தவுக்கே, அதே மூட்டை, அதே சல்லடை. ரோஜாப்பூ மார்க் வெளிவந்த முதல் மாதமே முதல் வீட்டுக்காரம்மா முகத்தைச் சுளித்தாள். "பழைய வாசன இல்லியேலா. தூள மாத்திட்டீங்களா?" அடுத்த வீட்டிலும் அதையே சொன்னார்கள். நீ கையைப் பிசைந்துகொண்டு வாசல் வாசலாக நின்று விளக்கினாய். விளக்க விளக்கச் சந்தேகம்தான் கூடியது. போதாக்குறைக்கு கியா பார்ம் பக்கம் சேற்றில் வேன் சறுக்கி உன் கால் முறிந்தது. "ஆத்தாவ எடுத்தான்ல, சும்மா விடுவாளா?" என்று பேச்சுக் கிளம்பியது. அதற்குப் பிறகு அந்த ரோஜாவை வீட்டுக்குள் விடவே பயந்தார்கள்.

கடைசியாக ஒரு வழி கண்டுபிடித்தாய். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரம், கோயில் வாசலில் இரண்டு பானைகளில் இலவசமாகத் தேத்தண்ணி. ஒன்றின் முன்னால் பழைய கவர், மற்றதன் முன்னால் ரோஜா. இரண்டிலும் ஒரே மூட்டைத் தூள், என் கண் முன்னால்தான் அள்ளிப் போட்டாய். எல்லாரும் குடித்தார்கள். எல்லாரும் ஆத்தா பானையைத்தான் காட்டினார்கள். "இதான்யா தேத்தண்ணி!" என்று கோயில் தலைவரே இரண்டாவது குவளை கேட்டார். அப்போதுதான் நீ ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து, "ரெண்டும் ஒரே மூட்டைதான்! ஆத்தா மேல ஆணையா ஒரே மூட்டை!" என்றாய்.

குடித்தவர்கள் குவளைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு கொழுந்து எடுக்கும் கிழவி ஒருத்தி, உன்மேல் பரிதாபப்பட்டுத்தான் சொன்னாள்: "ஒரே மூட்டையா இருக்கட்டும்யா. ஆத்தா கவருல போட்டா தூளும் மாறும்ல?"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் இரண்டு பானையிலும் மிச்சமிருந்ததைக் குவளைகளில் ஊற்றினாய். நான் இரண்டையும் குடித்தேன். நீயும் குடித்தாய். "உண்மையச் சொல்லு மச்சான்" என்றாய். நான் குவளைகளைக் கீழே வைத்தேன். நீயே சொன்னாய்: "எனக்கே ஆத்தா பானதான் நல்லாருக்குலா." சொல்லிவிட்டுச் சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது, தண்ணீர் நிற்கவில்லை. பழைய கவருக்குத் திரும்ப முடியாது, சத்தியம். புதிய கவரை வாங்க ஆளில்லை. தூளில் ஒரு குறையும் இல்லை. குறை இருந்திருந்தால் திருத்தியாவது இருப்பாய், அடப்பாவி.

துரையிடமே திரும்பிப் போய் அதே சல்லடை முன்னால் நின்றாய். அடகு வைத்த நகை திரும்பவில்லை. நெஞ்சு வலி என்று உன்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனதும் என் வேன்தான், உயிரில்லாமல் திருப்பிக் கொண்டுவந்ததும் அதுதான். உன் சாவுக்கு லயமே திரண்டு வந்தது. "மாரியம்மன் மார்க் போயிட்டாரே. அந்தத் தேத்தண்ணி மாதிரி இனி எங்கலா குடிக்கிறது?" என்று மாறி மாறிச் சொன்னார்கள். வாசல் வாசலாக நின்றானே, அப்போது எங்கே போனீர்கள் என்று கேட்க எனக்கு நாக்கு வரை வந்தது. ஆனால் அவர்கள் நிஜமாகத்தான் அழுதார்கள், மாப்பிள்ளை. அழுகிறவர்களிடம் என்னத்தைக் கேட்பது?

பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. ஆற்றில் விடலாம் என்று பாலம் வரைக்கும் கொண்டுபோனேன். அந்தச் சாக்கடை ஞாபகம் வந்தது, திரும்பிவிட்டேன். அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு என் பிள்ளைகள் இதை வைத்துக்கொண்டு முழிக்கட்டும்.

இன்று காலை மனசு கேட்காமல் ஒரு கவரை உருவி, கடையில் வாங்கிய ஏதோ ஒரு கம்பெனித் தூளை அதில் கொட்டினேன். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தேத்தண்ணி போட்டேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஜன்னல் ஓரம் நின்று குடித்தேன்.

நன்றாக இருந்தது, மாப்பிள்ளை. நான் என்ன செய்யட்டும், உன் தூள் மாதிரியே இருந்தது.