லூசியாவின் பெயர் இல்லாத அறிவித்தல்

என் நெஞ்சில் இருக்கிற அண்ணைக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இதைப் படிக்கிறவர்கள் காறித் துப்பினாலும் பரவாயில்லை, உங்களிடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

சேதி வந்த அன்றே, இங்கே எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பல் தெருவில் மரண அறிவித்தல் அடிக்கப் போனேன். அச்சகக்காரர் ஒவ்வொரு உறவாகக் கேட்டு எழுதினார்.

"மனிசி பேர்?"

"அண்ணை கட்டேல்லை" என்றேன்.

பதினொரு வருடம் உங்கள் மனைவியாக வாழ்ந்த லூசியாவை இரண்டு சொல்லில் இல்லாமல் ஆக்கிவிட்டேன். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். இத்தாலிக்காரி, அதுவும் முதல் புருஷனை விட்டு வந்தவள் என்று சனம் கதைக்குமே என்று பயந்தேன்.

2009இல் சண்டைக்குள் அகப்பட்ட அம்மாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் நீங்கள் பட்டினி கிடந்தபோது, சூப்பை ஊதி ஊதி ஊட்டினது அந்த மனிசிதான் என்று நீங்களே சொன்னீர்கள். அது எனக்கு ஏன் நினைவுக்கு வரவில்லை?

அறிவித்தலோடு இத்தாலியில் நீங்கள் இருந்த ஊருக்கு வந்தேன். பஸ் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. கீழே திராட்சைத் தோட்டங்கள், நீங்கள் காய் பறித்த ஒலிவ மரங்கள். அங்கேயும் ஆள் செத்தால் அறிவித்தல் அடித்து மதிலில் ஒட்டுகிறார்கள், அண்ணை. உங்கள் பெயருக்குக் கீழே லூசியாவின் பெயர். அதற்கடுத்து என் பெயர், என் மனைவி சாந்தியின் பெயர், மகளின் பெயர். நாங்கள் அனுப்பிய பழைய வாழ்த்து மட்டையைப் பார்த்து ஓர் எழுத்தும் பிழைக்காமல் போட்டிருந்தாள்.

நான் கொண்டுபோனதையும் பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்று வாங்கினாள். வாசிக்கத் தெரியாத தமிழ் எழுத்துகளை விரலால் தடவி, நீங்கள் பழக்கிய தமிழில் கேட்டாள்.

"என்ரை பேர் எங்கை?"

நான் சாந்தியின் பெயரைத் தொட்டுக் காட்டினேன். அவள் குனிந்து அதை முத்தமிட்டுக் கொஞ்சினாள்.

வெட்கம் கெட்டவன் நான். அதற்குப் பிறகு அவள் தந்த கோப்பியையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இன்று அதே அச்சகத்துக்குப் போய், ஆண்டுத் திவச அறிவித்தலில் 'லூசியாவின் அன்புக் கணவர்' என்று போடச் சொன்னேன்.

"அவர் கட்டேல்லை எண்டனீங்கள்?"

"பொய் சொன்னனான்."

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகளின் சம்பந்தம் இன்னும் முடிவாகவில்லை. சாந்திக்கு என்ன சொல்வது என்று இனித்தான் யோசிக்க வேண்டும்.

வருகிற கிழமை நானே அதைக் கொண்டு போகிறேன். ஒட்டுவதற்கு முன், அன்று நான் காட்டியது அவளுடைய பெயர் இல்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்வேன். கதவைச் சாத்தினாலும் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

உங்கள் தம்பி,
லூசியா அண்ணியின் மைத்துனன்