சோடாவில் அடைத்த மூச்சு

இன்று காலை கோதாவில் கர்லா கட்டை சுற்றிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் சோடா பாட்டிலில் கோலி இறங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் இஞ்சி வாசனை. திரும்பிப் பார்த்தால், புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு மீசைக்காரர். போட்டது நாலு பஸ்கி. அதற்குள் அவருக்குச் சோடா கேட்கிறது. பூந்தமல்லியில் உன் வாரிசுகளுக்குப் பஞ்சமே இல்லை.

இந்தப் பைத்தியத்தைக் கோதாவுக்குள் கொண்டுவந்தவன் நீதான். நாம் எல்லாரும் தண்டாலுக்கு நடுவே நீராகாரம்தான் குடிப்போம். பழைய சோற்றுத் தண்ணீர், கல் உப்பு, அவ்வளவுதான். நீயும் அதைக் குடித்துத்தான் தோளை வளர்த்தாய். ஒருநாள் பட்டாளத்து வெள்ளைக்காரர்கள் பந்தாடிவிட்டு வரிசையாக நின்று சோடா குடிப்பதைப் பார்த்துவிட்டு வந்தாய். அன்றிலிருந்து என் சொம்பைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பாய்.

"அதுல தம் கீது மாமே. காத்த அடச்சி வெச்சிக்கீறான் பாரு. குடிச்சா நேரா மாருக்குப் பூடும். அப்பால மூச்சு எங்க வாங்கப் போவுது?"

"குடிச்சா ஏப்பந்தாண்டா வரும்."

"அது பழைய காத்து வெளிய போவுது. நீராரம் குடிக்கிற ஆளு, உனுக்கு இன்னா தெரியும்?"

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். உன் விஷயத்தில் கழுதை கற்பூரத்தை உதைத்துவிட்டுச் சோடா கேட்டது.

உன் நைனா எண்ணெய் மண்டி வைத்திருந்தார். பருத்திப்பட்டுப் பயில்வானை ஜெயித்தால் நீ கோதாவிலேயே கிடக்கலாம். தோற்றால் மறுநாளே மண்டியில் உட்கார வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். மண்டி என்று நினைத்தாலே உனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் குஸ்தி அன்று என்ன செய்தாய்? நான் நீட்டிய சொம்பைத் தள்ளிவிட்டு, ஒன்று மாற்றி ஒன்றாகக் கலர் சோடாவை உள்ளே விட்டாய்.

பயில்வான் உன்னை அமுக்கி வயிற்றில் முழங்காலை வைத்தான். உன் வாயிலும் மூக்கிலும் சிவப்பாகக் கொட்டியது. ரத்தம் என்று கூட்டம் பதறியது. ரோஜா வாசனை வந்ததும் சிரித்தது. நீ தும்மிக்கொண்டே மல்லாந்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அருவருப்பாக இருந்தது. நல்ல உடம்பு ஒன்று இரண்டணாத் தண்ணீருக்குத் தோற்றுப்போனதே என்று வயிறு எரிந்தது.

மறுநாள் மண்டியில் உட்கார்ந்தவன்தான். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய மெத்தையில் தொப்பை வளர்த்தாய். நான் அந்தப் பக்கம் வந்தால் தராசைப் பார்ப்பாய். உன்னைத் துச்சமாகத்தான் நினைத்தேன், இப்போதும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

பிறகு உனக்கு விஷக் காய்ச்சல் வந்தது. சோடா கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். பார்க்க வந்த பெரிய மனுஷர்கள் ஆளுக்கொரு பாட்டிலாகக் கொண்டுவந்து உன் தலைமாட்டில் அடுக்கியிருந்தார்கள். ஊருக்கே புத்தி அவ்வளவுதான். நீ ஒன்றையும் தொடவில்லை. என்னைப் பார்த்ததும் மெதுவாகக் கேட்டாய்.

"ஊட்ல நீராரம் கீதா மாமே?"

ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். தலையைத் தூக்கிப் பிடித்துப் புகட்டினேன். இரண்டு மடக்கு இறங்கியது. உதட்டைச் சப்பிப் பார்த்தாய்.

"உப்பு பத்தல," என்றாய்.

வீட்டுக்குப் போய் உப்பை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் நீ போய்விட்டாய். கடைசி வாயிலும் குறை சொல்லிவிட்டுப் போன ஜென்மம் நீ.

இன்று அந்த மீசைக்காரரிடம் சோடாவைக் கீழே வைக்கச் சொல்லி என் சொம்பை நீட்டினேன். ஒரு வாய் குடித்தவர் முகம் கோணிற்று.

"இன்னா அண்ணாத்தே, இப்டி கரிக்குது?"

கரித்தால் துப்பிவிட்டுப் போகச் சொன்னேன். நீ போனதிலிருந்து நான் ஒரு கல் உப்பு கூடுதலாகப் போட்டுத்தான் குடிக்கிறேன்.