காலரில் வைத்த மஞ்சள்

என்னிடம் ஒருநாளும் முகம் திருப்பாத என் நாயகி அண்ணிக்கு,

அண்ணன் உங்கள் படத்தைப் பத்திரிகையில் போடலாம் என்கிறார். படத்துக்குக் கீழே கணவர், மகள், உற்றார் உறவினர் என்று வரிசையாகப் பெயர் வருமே, அந்த மாதிரி. எனக்கு அது போதாது என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் எனக்கு ஒரு வழக்குப் பேச வேண்டியிருக்கிறது. படிக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஈப்போவில் நம் புந்தோங் வீட்டில் அடுப்பு எரிகிறது, அண்ணன் வேலைக்குப் போகிறார், மாலா பள்ளிக்கூடம் போகிறாள். வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் கடைசியாகப் பைகளில் கட்டிக்கொடுத்த அந்தப் பள்ளிச் சட்டைகளால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோய்விட்டது அண்ணி. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

டிசம்பர் விடுமுறை வந்துவிட்டால் உங்களை வீட்டில் பிடிக்க முடியாது. அண்ணனின் ஹோண்டாவில் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஈப்போவில் வசதியான வீடுகளாகப் பார்த்து ஏறி இறங்குவீர்கள். யாழ்ப்பாணத்து டாக்டர் வீடு, வக்கீல் வீடு, பேங்க்காரர் வீடு, எங்கே போனாலும் ஒரே கேள்விதான். "பிள்ளைக்குப் பத்தாமப் போன யூனிஃபார்ம் இருக்கா அக்கா?" வாங்கி வந்ததைச் சவுக்காரம் போட்டு வேகவைத்து, நீலத்தில் முக்கி, பட்டன் தைத்து, மடிப்பைப் பிரித்து நீளம் விடுவீர்கள். நான் பாடம் நடத்தும் ரப்பர் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளின் உயரத்தை நூலில் அளந்து, ஆளுக்கொரு முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து தருவேன். எந்த முடிச்சு யாருடையது என்று நான் மறந்தாலும் நீங்கள் மறந்ததில்லை.

எல்லாம் முடிந்த பிறகு உங்கள் மஞ்சள். மஞ்சளைக் குழைத்து, கட்டைவிரலில் தொட்டு, காலரின் வலது முனையில் ஒரு அழுத்து. சின்ன வயதில் பால்வெட்டும் கத்தி உங்கள் விரலைப் பிளந்திருந்ததால், மஞ்சளின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு விழும். "உள்பக்கமா வைங்க அண்ணி, வெள்ளைச் சட்டையில பளிச்சுன்னு தெரியுது" என்று வருஷம் தவறாமல் நான் கத்துவேன். நீங்களா கேட்கிற ஆள்?

"மஞ்ச என்ன களவாண்ட பொருளா, ஒளிச்சு வைக்கிறதுக்கு? யாரோ போட்ட துணிய அப்படியே புள்ளைக்கு மாட்டக்கூடாதுலா. மஞ்ச வச்சிட்டா அது புதுத்துணி."

ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் உங்களிடமே கேட்டானே, இது யாருடைய சட்டை என்று. "மஞ்ச வச்சிருக்கேன்ல? ஒன்னோடது" என்றீர்கள். அவன் அன்றைக்கு முழுக்க அந்தச் சட்டையைக் கழற்றவே இல்லை. உங்களுக்கு ஏன் பள்ளிக்கூடம் நின்றது என்று ஒருமுறை நான் கேட்டபோது, "சட்டை இல்ல, நின்னுட்டேன். அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நானும் காலரைப் பற்றி அதிகம் சண்டை போடவில்லை.

இனி அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். சரசு என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊரறிய ஒரு தடவை அவளைக் காட்டிக்கொடுத்தது போதும்.

சரசு என்னிடம் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். கரும்பலகையில் நான் போட்ட கணக்கைப் பார்த்துவிட்டு, "டீச்சர், அது தப்புலா" என்று கை தூக்கிய வாயாடி. அவள் அம்மா முனியம்மா தோட்டத்தில் ரப்பர் மரத்துக்குப் பால் வெட்டுகிறார். அப்பா இல்லை. இந்த வருஷம் ஈப்போவில் இடைநிலைப் பள்ளிக்கு, மலாய் பழகும் ரிமூவ் வகுப்புக்குப் போக வேண்டும். நம் மாலா படிக்கும் அதே பள்ளி. வெள்ளைச் சட்டையும் அதன் மேல் போடும் பினாஃபோர் கவுனும் உங்கள் பையில் இருந்துதான் போயின. அவளுக்காக மடிப்பை இரண்டு தடவை பிரித்துத் தைத்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

தோட்டத்துப் பைகளை எல்லாம் அனுப்பிவிட்டு, மாலாவின் புதுச் சட்டைக்குக் கடைசியில் மஞ்சள் வைக்கலாம் என்று ஆணியில் மாட்டி வைத்திருந்தீர்கள். மறுநாள் காலையில் அடுக்களையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழவே இல்லை. துக்க வீட்டில் யார் மஞ்சள் குழைப்பார்கள்? மாலா அந்தச் சட்டையை அப்படியே போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அதை அன்று யாருமே கவனிக்கவில்லை, நானும்தான்.

பள்ளி திறந்து சில நாள் கழித்து, ஓய்வு நேரத்தில், கேண்டீன் வரிசையில் மாலாவுக்கு முன்னால் சரசு நின்றிருக்கிறாள். ஒருவரை ஒருவர் தெரியாது. சரசு திரும்பியபோது மாலா அந்தக் காலரைப் பார்த்துவிட்டாள். மஞ்சள், நடுவில் வெள்ளைக் கோடு.

உங்கள் மகள் என்ன செய்திருப்பாள் அண்ணி? நீங்கள் போன பிறகு அவள் முதல்முறையாக உங்களைப் பார்க்கிறாள். காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இது எங்கம்மா வச்ச மஞ்ச! எங்கம்மா கொடுத்த சட்டை!" என்று கேண்டீன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறாள். சிரித்துக்கொண்டே கத்தினாளாம். அழுகை பிறகுதான் வந்ததாம்.

மலாய்க்கார, சீனப் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. ஏதோ கறி பட்டிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். நம் பிள்ளைகளுக்குத்தான் புரிந்தது. பழைய துணியில் புது மஞ்சள் இருந்தால் என்ன அர்த்தம் என்று நம் ஆட்களுக்குத்தானே தெரியும்? டவுனில் இருக்கிற நம் பெண்கள் நாலைந்து பேர் "சிடேக்கா, சிடேக்கா" என்று ஆரம்பித்துவிட்டார்கள். தானம் வாங்கினவள் என்று. மறுநாள் தோட்டத்து வேன் வந்து நின்றதும் இறங்குகிற ஒவ்வொரு பிள்ளையின் காலரையும் பார்த்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் உங்கள் கட்டைவிரல்.

மற்றப் பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு போனார்கள். சரசு சவுக்காரம் போட்டுத் தேய்த்தாள். மஞ்சளில் சவுக்காரம் பட்டால் சிவந்துபோகும் என்று அந்த அவசரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. வயதுக்கு வந்த பிள்ளை, சட்டையில் சிவப்புக் கறையோடு காலைச் சபையில் நிற்கிறாள். சுத்தம் பார்க்க வந்த மாணவர் தலைவி "கோத்தோர்" என்று எல்லார் முன்னாலும் அவளை வரிசையில் இருந்து வெளியே இழுத்துவிட்டாள். அழுக்காம். அன்று வேனில் திரும்பி வந்தவள் பிறகு ஏறவே இல்லை.

வேனில் போய்வரும் பிள்ளைகள் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. யார் மேல் ஆத்திரப்படுவது? சிரித்த பெண்கள் மேலா, வெளியே இழுத்தவள் மேலா, தாயில்லாப் பிள்ளை மாலா மேலா? உண்மையைச் சொல்கிறேன், உங்கள் மேலும்தான் வந்தது. உள்பக்கம் வைத்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இதைக் கேட்டுவிட்டு உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து நானே அழுதேன்.

போன வாரம் பள்ளியில் இருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். நாளை திங்கட்கிழமை வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களாம். சரசுவோ தினமும் காலையில் அம்மாவோடு ரப்பர் காட்டுக்குப் போய், மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால் பொறுக்குகிறாள். களை பிடுங்குகிற வெளிக்காட்டு வேலைக்கு ஆள் வேண்டும், பிள்ளையை அனுப்பு என்று வேலை வாங்கும் மண்டோர் வேறு முனியம்மாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் இரண்டு முறை போய்ப் பேசினேன். சரசு கதவைத் திறக்கவில்லை.

இத்தனையும் நடந்தது தன்னால்தான் என்று மாலா என்னிடம் வந்து சொன்னது இந்த வெள்ளிக்கிழமைதான். அதுவரைக்கும் வாயே திறக்கவில்லை அந்தப் பிள்ளை. "நானும் வாரேன் அத்தை, கூட்டிட்டுப் போங்க" என்றாள். நேற்றுச் சனிக்கிழமை பள்ளியில் விளையாட்டுப் பயிற்சி முடிந்ததும் திரும்பச் சீருடையை மாட்டிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிட்டாள். இரண்டு பேருமாகத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனோம்.

முனியம்மா காலையில் வெட்டிய ரப்பர் பாலைக் கொடுத்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். இவள்தான் நாயகியின் மகள் என்றேன். "வாம்மா" என்று உட்காரப் பலகை எடுத்துப் போட்டார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஒங்க அண்ணி நல்லவங்க டீச்சர். நான் ஒண்ணும் கொற சொல்லல. ஆனா ஒண்ணு. துணி இல்லாதவதான் நான், மஞ்ச இல்லாதவ இல்லியே. எம்புள்ளைக்கு மஞ்ச நான் வச்சிருப்பேன். எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியும்."

அண்ணி, இதைக் கேட்டீர்களா? இத்தனை வருஷத்தில் இது உங்களுக்கும் தோன்றவில்லை, படித்த எனக்கும் தோன்றவில்லை. நாம் சட்டையைக் கொடுத்ததோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவர்கள் செய்ய வேண்டியதையும் சேர்த்து நாமே செய்து முடித்துவிட்டோம். நீங்கள் ஆசையாகத்தான் செய்தீர்கள், எனக்குத் தெரியாதா? ஆனாலும் இந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்றது.

அதற்குள் சரசுவே வெளியே வந்தாள். கையில் அந்தச் சட்டை. "இந்தா, ஒங்கம்மா சட்ட. எனக்கு வேணாம்" என்று மாலாவின் மடியில் போட்டாள். மாலா அவசரமாகக் காலரைப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. தேய்த்துத் தேய்த்து, வெயிலில் போட்டுப் போட்டு, மஞ்சளும் போயிருந்தது, சிவப்பும் போயிருந்தது. அந்த இடத்தில் நூல் பிரிந்து கிடந்தது.

மாலா அந்தக் கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு வைக்கல. எல்லாருக்கும் வச்சாங்க, எனக்கு வைக்கிறதுக்குள்ள செத்துட்டாங்க. ஒன்னோடதப் பாத்ததும் கத்திட்டேன். வேணும்னு செய்யல."

சரசு மாலா போட்டிருந்த சட்டையின் காலரைப் பார்த்தாள். வெறும் வெள்ளை. அந்த வாயாடிக்குத் திரும்பவும் வாய் வந்தது.

"ஒனக்கு ஈசிலா. ஒன்ன யாரு சிடேக்கான்னு சொல்வா? நீயும் அதே எடத்துல மஞ்ச வச்சிக்கிட்டு திங்கக்கெழம சபையில என் பக்கத்துல நில்லு. அப்ப வாரேன்."

"நிப்பேன்" என்றாள் மாலா. யோசிக்கவே இல்லை. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஆனா அத்தை, அவங்கவங்க அம்மாதானே வைக்கணும்? எனக்கு யாரு வைக்கிறது?"

நான் வைக்கிறேன் என்று சொல்வதற்குள் முனியம்மா எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அம்மியில் மஞ்சள் இழைக்கிற சத்தம் கேட்டது. துக்க வீட்டுப் பிள்ளையாச்சே, வருஷம் திரும்பவில்லையே என்று நான் இழுத்தேன். "சும்மா இருங்க டீச்சர், படிக்கிற புள்ளைக்கு என்ன தீட்டு" என்று உள்ளே இருந்தே பதில் வந்தது.

முதலில் மாலாவுக்கு வைத்தார். காலரின் வலது முனையில், வெளியே தெரிகிற மாதிரி, நீங்கள் வைக்கிற அதே இடத்தில். பிறகு அந்தக் கிழிந்த சட்டையை மாலாவின் மடியில் இருந்து எடுத்து, நூல் பிரிந்த இடத்திலேயே தன் மகளுக்கும் வைத்தார். சரசு தடுக்கவில்லை. வருகிறேன் என்று மறுபடி சொல்லவும் இல்லை.

பஸ்ஸில் வரும்போது மாலா தன் காலரை இழுத்து இழுத்துப் பார்த்தாள். "நடுவுல கோடு இல்ல அத்தை" என்றாள். இல்லைதான். அது முனியம்மாவின் விரல்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இன்று விடிந்ததில் இருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நாளை சரசு வேனில் ஏறுவாளா? ஏறினாலும் அந்தப் பெண்கள் சும்மா விடுவார்களா? மாலாவையும் சேர்த்துச் சிரிப்பார்களே, அதைத் தாங்குவாளா உங்கள் மகள்? ஒன்றும் தெரியவில்லை அண்ணி. தெரிந்தவர் மாதிரி தைரியம் சொல்ல நீங்களும் பக்கத்தில் இல்லை. மாலா சொன்னது மட்டும் இருக்கிறது. சரசு வந்தாலும் வராவிட்டாலும் இந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போவாளாம்.

நாளை விடியும் முன் நான் லயத்துக்குப் போய் நிற்பேன். வேன் கிளம்பும் வரை அங்கேதான் நிற்பேன். டிசம்பர் வந்தால் அண்ணன் வேண்டாம் என்றாலும் உங்கள் பையை எடுத்துக்கொண்டு நான் வீடுவீடாகப் போவேன். சட்டையைத் துவைத்து, தைத்து, மடித்து, ஒவ்வொன்றோடும் ஒரு மஞ்சள் கிழங்கு வைத்துக் கட்டுவேன். மஞ்சளை மட்டும் நான் தொட மாட்டேன். அதை அவரவர் அம்மா வைக்கட்டும். அம்மா இல்லாத பிள்ளைக்கு யார் வைப்பது என்று கேட்டுவிட்டுத்தான் பையைக் கொடுப்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்களிடம் சண்டை போட இன்னும் பாக்கி வைத்திருக்கும்,
உங்கள் நாத்தனார்,
மாலாவின் அத்தை
பாக்கியம்