கிளாரன்ஸ் மேயோவின் கல்லைத் திருப்பி வைத்துத் தரும்படி

அனுப்புநர்:
ம. பொனிபஸ்,
டார்னெய்ட், விக்டோறியா.

பெறுநர்:
பணிப்பாளர், மைதானங்கள் பிரிவு,
கிறீக்டேல் நகரசபை.

பொருள்: பழைய மைதானத்தின் வடக்குக் கோல் கம்பங்களுக்குப் பின்னால் நின்ற நினைவுக்கல் அகற்றப்பட்டமை தொடர்பாக.

மதிப்புக்குரிய பணிப்பாளர் ஐயா,

1. நான் மன்னாரிலிருந்து வந்தவன். என் மகள் டில்ஷாவின் உதைபந்தாட்டக் கழகத்துக்காகப் பதினொரு வருடமாகச் சனிக்கிழமைகளில் உங்கள் மைதானத்தில் வெள்ளைக்கோடு போடுகிறேன். இதுவரை நகரசபைமீது எந்த முறைப்பாடும் செய்ததில்லை, மலசலகூடத்தைப் பற்றிக்கூட.

2. அந்தக் கல்லில் ஒரு சிலுவையும், கிளாரன்ஸ் மேயோ என்ற பெயரும், 1893, 1917 என்ற ஆண்டுகளும் இருந்தன. எங்கள் ஊரில் இப்படி ஒரு கல் நின்றால் கீழே ஆள் இருக்கும். ஆகவே, யாரும் வந்து பார்க்காத கல்லறை என்று நானும் மனைவி கத்தரினும் எண்ணினோம். நவம்பர் 2, மரித்தோரின் திருநாளில், ஊரென்றால் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்துவோம். என் தம்பி நிஷான் 2009இல் காயப்பட்டவர்களைத் தூக்கப் போனவன். திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கழுவுவதற்கு எங்களுக்குக் கல்லறை இல்லாததால் மேயோவின் கல்லைக் கழுவினோம். அடுத்த வருடம் எங்களைப் போன்ற நாலு குடும்பங்கள் வந்தன. சென்ற வருடம் பதினேழு.

3. இவ்வளவு பேர் கூடுவதால் முறைப்படி கேட்பதே மரியாதை என்று நினைத்து, மார்ச் மாதம் "மைதானத்திலுள்ள கல்லறையில்" மெழுகுதிரி கொளுத்த அனுமதி கோரி எழுதினேன். அங்கேதான் நான் பிழை விட்டேன். உங்கள் அதிகாரிகள் நிலத்தை ஆராய்ந்து, கீழே உடல் எதுவும் இல்லை, ஆகவே இது பாதுகாக்கப்பட வேண்டிய கல் அல்ல என்று முடிவு செய்தார்கள். ஜூலையில் கல்லைக் கொண்டுபோய்விட்டார்கள். அவ்விடத்தில் இப்போது மின் ஸ்கோர்போர்டு நிற்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கல் இன்றும் நின்றிருக்கும். இது என்னை வருத்துகிறது, ஐயா.

4. உங்கள் அறிக்கையை டில்ஷா வாசித்துக் காட்டியபோதுதான் மேயோ யாரென்று அறிந்தேன். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகன். இதே மைதானத்தில் நாலு பருவங்கள் சம்பளத்துக்கு விளையாடியவர். காற்று எந்தப் பக்கம் வீசினாலும் வடக்குக் கோலுக்குள் அடிக்கக்கூடியவராம். 1916இல் படையில் சேர்ந்து, காயப்பட்டவர்களைத் தூக்கும் பிரிவுக்குப் போனார். மறுவருடம் பெல்ஜியத்தில் இறந்தார். உடல் கிடைக்கவில்லை. போய் அழ ஒரு இடமில்லாத தாய், மகன் கோல் அடித்த பக்கத்தில் அந்தக் கல்லை நட்டார். இது அறிக்கையின் ஆறாம் பக்கம். கல்லை அகற்றும்படி ஏழாம் பக்கம் சொல்கிறது. கத்தரின் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். திரும்பி வந்து, "நாங்கள் பிழையான இடத்துக்குப் போகேல்லை" என்று மட்டும் சொன்னார்.

5. மேயோவின் பெயர் கழக மண்டபச் சுவரில் பலகையாக வரும் என்று எழுதியிருந்தீர்கள். நன்றி. அது மதுச்சாலைக்குப் பக்கத்துச் சுவர், ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டியிருக்கும். இவ்வருடம் நவம்பர் 2 ஞாயிறு. இதற்குமேல் கோபமாக எழுதினால், தான் மொழிபெயர்த்துத் தரமாட்டேன் என்று டில்ஷா சொல்லிவிட்டாள்.

6. ஆகவே, கல்லை ஸ்கோர்போர்டிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளியாவது நட்டுத் தரும்படி கேட்கிறேன். குழி வெட்டவும் தூக்கவும் எங்களிடம் ஆட்கள் உண்டு. அங்கே உடல் இல்லை என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். திருநாளுக்குள் இயலாவிட்டால், கல் எந்தக் களஞ்சியத்தில் கிடக்கிறது என்பதையாவது அறியத்தாருங்கள். பதினேழு குடும்பங்களும் வாளியும் துணியுமாக அங்கே வருவோம். மெழுகுதிரி கூடாது என்றால் கொளுத்தமாட்டோம். கழுவிவிட்டுப் போய்விடுவோம்.

இடம்: டார்னெய்ட்
திகதி: 12.10.2025

இங்ஙனம் பணிவுடன்,
ம. பொனிபஸ்
(கோடு போடுபவர்)