செருப்பு விடும் இடம்

நேற்று பிற்பகல் ஒரு பழைய வரைபடச் சுருளை மேசைமேல் விரித்தேன். பிரதி எடுத்தபோது ஏறிய அமோனியா வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. உடனே நீ ஞாபகத்துக்கு வந்தாய். மீன் கூடை பக்கத்தில் வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வாடையா என்று சிரிப்பாய். எனக்குத் தலைவலி வரும். அன்றும் வந்தது, நேற்றும் வந்தது.

சுருளைக் கொடுத்தது நம் பழைய ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்தான். பல்லாவரத்திலிருந்து திருநீர்மலை போகிற ரோட்டில், வேப்பமரம் நிற்கும் அதே கட்டடம். பெரியவர் இப்போது வருவதில்லை, மகன் பார்த்துக்கொள்கிறார். நாம் செய்து கொடுத்து ஐந்து வருஷம் ஆன இணையதளத்தை அடியோடு புதுப்பிக்க வேண்டுமாம். எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டு வாசல்வரை கூடவே வந்தவர், "அந்த மொதல் பக்கத்த மட்டும் தொட்டுடாதீங்க மேடம், அப்பா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டார்" என்றார். அந்த முதல் பக்கம் உன்னுடையது. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது, ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

தாம்பரத்தில் மல்டிமீடியா வகுப்பில் நாம் ஒரே பெஞ்ச். நான் சேலையூர் டீச்சர் வீட்டுப் பெண், வேதாகம வசனத்தைக்கூட இங்கிலீஷில் ஒப்பித்து வளர்ந்தவள். நீ நீலாங்கரை குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாய். உன் அம்மா மீன் விற்ற பணத்தில் ஃபீஸ் கட்டினாய். படிப்பு முடிந்து ராஜகீழ்ப்பாக்கத்தில் மருந்துக்கடை மாடியில் அறை பிடித்தபோது, வாடிக்கையாளரிடம் பேசுவதும் டிசைன் போடுவதும் நான், பக்கங்களைக் கட்டுவது நீ என்று வேலையைப் பிரித்தோம். பிரித்தோம் என்ன, பிரித்தது நான்தான். உனக்கு இங்கிலீஷ் சரியாக வராது என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் சொன்ன ஏற்பாடு அது.

முதல் நாள் அந்த ஆபீஸில் பெரியவர் முன்னால் நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அவருடைய கட்டடங்களை எப்படி வகை பிரிப்பது என்று நாகரிகமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு பதில் சொன்னார். நீ சுவரில் மாட்டியிருந்த வீட்டுப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். திடீரென்று கேட்டாய்.

"சார், நீங்க கட்ன வூட்டுக்கு வர்றவங்க செருப்ப எங்க வுடுவாங்க? ஒரு படத்துலயும் காணோமே."

எனக்கு மானம் போயிற்று. மேசைக்குக் கீழே உன் காலை மிதித்தேன். பெரியவரோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எந்த வீட்டுக்கும் தான் முதலில் யோசிப்பது அந்த இடத்தைத்தான் என்றார். மழை படக்கூடாது, குழந்தை உட்கார்ந்து ஷூ மாட்ட ஒரு மேடை வேண்டும், வந்தவர் சங்கடமில்லாமல் நிற்க நாலடி வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை என்றார். அப்புறம் அன்று முழுக்க உன்னிடமே பேசினார். நான் நோட்டுப் புத்தகத்தை மூடினேன்.

அன்றுதான் வரைபடங்களின் மூலையில் இருக்கும் கட்டத்தையும் நீ பார்த்தாய். வரைந்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு வரி, அதில் இரண்டு பேருடைய இனிஷியல். சரிபார்த்தவர் எதற்கு என்று கேட்டாய். நாளைக்கு ஏதாவது கோளாறு வந்தால் முதலில் அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்போம் என்றார் பெரியவர். வரும்போது பஸ்ஸில், "நல்லா கீதுடி. நம்மளும் போடலாம்" என்றாய். அதிலிருந்து நாம் செய்த ஒவ்வொரு தளத்திலும், பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாத நிரல் வரிகளுக்கு நடுவே, அந்தக் கட்டத்தை எழுதினாய். யார் செய்தாரோ அவர் வரைந்தவர், மற்றவர் சரிபார்த்தவர்.

நான் மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு ஃபிளாஷ் படம் செய்தேன். வெறும் திரையில் பென்சில் கோடுகள் எழும்பி, கட்டடமாகி, வீணை இசையோடு நிறுவனத்தின் பெயர் தோன்றும். நீ பார்த்துவிட்டு, "சூப்பரா கீது. ஆனா கோயில்ல நட சாத்தி வச்சா மாதிரி எவ்ளோ நேரம்டி நிக்கிறது? தாண்டிப் போறதுக்கு ஒரு பட்டனாச்சும் வை" என்றாய். வைக்கவில்லை. யாரும் தாண்டிப் போகக் கூடாது என்பதுதான் என் ஆசை.

அந்த மூன்று வாரமும் மத்தியானங்களில் நீ கேமராவைத் தூக்கிக்கொண்டு பெரியவர் கட்டிய வீடுகளுக்குப் போனாய். பள்ளிக்கரணையில் ஒன்று, முடிச்சூரில் இரண்டு, இன்னும் எங்கெங்கோ. வாசற்படியில் கிடந்த செருப்புகளைப் படம் எடுத்துக்கொண்டு வந்தாய். ஊக்கு குத்திய ஹவாய் செருப்பு, சேறு காயாத பள்ளிக்கூட ஷூ. செருப்புப் படத்தை முதல் பக்கத்தில் வைத்தால் அபசகுனம், கெட்டிக்காரன் எவனும் செய்யமாட்டான் என்று சொன்னேன். சிரித்தாய், படத்தை நீக்கவில்லை.

காட்டிய நாள் உனக்கு நினைவிருக்கும். அவர்கள் ஆபீஸ் இணைப்பில் என் படம் பாதியில் நின்றது. வெறும் திரை, சுற்றுகிற வட்டம். பெரியவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதத் தாண்டி உள்ள போக வழி இல்லியாம்மா?" என்று என்னைக் கேட்டார். நீ மெதுவாக மவுஸை என் கையிலிருந்து வாங்கி உன் பக்கத்தைத் திறந்தாய். படக்கென்று வந்தது. ஒரு வாசற்படி, நாலு ஜோடி செருப்பு. படியைச் சொடுக்கினால் வீட்டுக்குள் போகலாம். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது என் வீடு" என்றார், அவ்வளவுதான்.

உன்மேல் அன்று எனக்கு வந்தது கோபம் என்றால் கௌரவமாக இருக்கும். அது பொறாமை. என் இங்கிலீஷும் என் மூன்று வாரமும் உன் ஒரு கேள்விக்கு ஈடாகவில்லையே என்ற சுத்தமான வயிற்றெரிச்சல். ஒரு மீன்காரி மகளுக்கு எங்கிருந்து வந்தது இது என்றுகூட நினைத்தேன். நினைத்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது?

தளத்தை இணையத்தில் ஏற்றும் வேலை எனக்கு விழுந்தது. முதல் பக்கத்தின் நிரலில், வரைந்தவர் என்ற வரியில் உன் இனிஷியல் எழுத்து இருந்தது, சரிபார்த்தவர் என்ற வரியில் என்னுடையது. உன்னுடையதை அழித்தேன். வரைந்தவராக என்னைப் போட்டேன். சரிபார்த்தவர் இடம் காலியாகிவிட்டது, அப்படியே ஏற்றினேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

அப்புறமும் இரண்டு வருஷம் ஒரே அறையில் வேலை செய்தோம். உன் அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலித் தொக்கில் எப்போதும் பெரிய பங்கு எனக்குத்தான். நீ கல்யாணமாகி எண்ணூர் பக்கம் போனாய். பிறகு மஞ்சள் காமாலை என்றார்கள். நான் கிளம்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்பொண்ணு உன்ன பத்தியே பேசிக்கினு இருப்பாம்மா" என்றார்.

நேற்று சுருளை ஓரமாக வைத்துவிட்டு, ஐந்து வருஷத்துக்கு அப்புறம் அந்த முதல் பக்கத்தின் நிரலைத் திறந்தேன். கட்டம் இருந்தது. வரைந்தவர் வரியில் நான். காலியாக விட்டிருந்த சரிபார்த்தவர் வரியில் உன் எழுத்து.

கடவுச்சொல் நம் இருவருக்கும்தானே தெரியும். கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று சர்வரில் பார்த்தேன். நான் ஏற்றியதற்கு மூன்றாம் நாள். அப்படியானால் அந்த இரண்டு வருஷமும் உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் டப்பாவிலிருந்து தொக்கை என் தட்டில் வழித்துப் போட்டிருக்கிறாய்.

உன் பெயரைத் திரும்பப் போட்டிருக்கலாம், சண்டை பிடித்திருக்கலாம். நான் திருடினதற்கு, கேட்டால் என்னைக் கேளுங்கள் என்று நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். மன்னித்தாயா, பார்த்துவிட்டேன்டி என்று சொன்னாயா, தெரியவில்லை. எதுவானாலும் அப்படிச் செய்ய எனக்கு வராது. இதிலும் நீதான் என்னை முந்திக்கொண்டாய் என்று நினைத்தபோது அழுகையோடு அந்தப் பழைய எரிச்சலும் சேர்ந்தே வந்தது.

புதிய தளம் அடுத்த வாரம் ஏறுகிறது. முதல் பக்கத்தைப் பெரியவர் மகன் சொன்னபடி தொடவில்லை, அந்தக் கட்டத்தைத் தவிர. வரைந்தவர் என்று உன் எழுத்தைப் போட்டேன். சரிபார்த்தவர் என்று என்னுடையதைப் போட்டேன். ஐந்து வருஷம் தாமதமாகத்தான் சரிபார்த்தேன், உன் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. உன் எழுத்தைத் தட்டும்போது விரல் ஒரு நொடி தயங்கியது. அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.